சமையல்காரர்கள் முன்வாசல் வழியாக வரவும்

ஜூலை 13, ஞாயிறு

ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தம் இன்றோடு முடிந்தது. சின்னாளபட்டியில் கல்யாணம், எண்ணூறு இலை. வத்தக்குழம்பு நன்றாக அமைந்துவிட்டது, கொதி வரும்போதே எனக்குத் தெரிந்தது. பெண்ணின் தாய்மாமா கை கழுவிய ஈரத்தோடு பின்கட்டுக்கு வந்தார். "மாஸ்டர், கொழம்பு பிரமாதம்" என்று சன்னாசியின் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார். நான் பக்கத்தில்தான் நின்றேன், கையில் கரண்டியோடு. சன்னாசி என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் அவர் போய்விட்டார்.

சன்னாசி என் கொழுந்தன். என் வீட்டுக்காரர் சோலைமலை மாஸ்டர் தவறி நாலு வருஷம் ஆகிறது. அதிலிருந்து சமையல் கூட்டத்தை நடத்துவது நான். சாமான் சொல்வது, ஆள் பிரிப்பது, உப்புப் பார்ப்பது எல்லாம் நான்தான். அடுப்புப் பற்ற வைப்பது மட்டும் சன்னாசி. கல்யாண வீட்டில் சூடம் காட்டி முதல் அடுப்பைப் பற்ற வைப்பவர்தான் மாஸ்டர், எங்கள் தொழிலில் அது வழக்கம். தாலி அறுத்தவள் பற்ற வைக்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் போனபின் வந்த முதல் கல்யாணத்தில் ஓர் அம்மா என் கையிலிருந்த தீப்பெட்டியைப் பார்த்த பார்வையே போதுமாக இருந்தது. நானாகவே சன்னாசியிடம் நீட்டிவிட்டேன். அவனும் வாங்கிக்கொண்டான். வேண்டாம் மதினி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

போகட்டும். யார் பற்ற வைத்தால் என்ன, எரிந்தால் சரி.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாயிற்று. கல்யாணம் கிடையாது, எங்களுக்கு ஒரு மாசம் விடுமுறை. மளிகைக் கடைக்காரர் கொடுத்த இந்த டைரியில் மற்ற மாதமெல்லாம் பருப்பும் புளியும்தான் இருக்கும். ஆடியில் மட்டும்தான் நான் இருப்பேன்.

அண்டாக்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தோம். முத்துராக்கு பாதி தேய்த்தாள், மீதி நேரம் பேசினாள். எங்கள் கூட்டத்தில் காய் வெட்டுகிறவர்களுக்கு அவள்தான் தலைவி. வாய்க்கும் அவளே தலைவி.

மத்தியானம் அழகுராஜா அண்ணன் போன் செய்தார். சமையல் கலைஞர்கள் சங்கத்துக்கு மாவட்டச் செயலாளர் அவர். இந்த வருஷம் மாநில மாநாடு தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையில் புதிதாகக் கட்டிய நெய்தல் மாநாட்டு அரங்கத்தில், முப்பதாம் தேதி. "வெள்ளையம்மா, சங்கத்து மாஸ்டர் அட்டை இன்னும் சோலைமலை பேர்லயே கெடக்கு. பேரு மாத்தணும்னா மாநாட்டுலதான் மாத்த முடியும். ஆளு நேர்ல இருக்கணும், மாவட்டத்து ஆளுக கை தூக்கணும். இத விட்டா மூணு வருஷம்" என்றார்.

"யார் பேருக்கு மாத்தப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அத அங்க வச்சுப் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார். என்ன பதில் இது?

ஜூலை 20, ஞாயிறு

சன்னாசி இந்த வாரத்தில் இரண்டு தடவை அழகுராஜா அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறான். என்னிடம் மூச்சு விடவில்லை. முத்துராக்கு பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறாள். நான் கேட்கவும் இல்லை. ஊரெல்லாம் அவனைத்தானே மாஸ்டர் என்கிறது, அட்டையிலும் அப்படியே எழுதிக்கொள்ளட்டும். எனக்குச் சங்க அட்டையை வைத்து என்ன ஆகப்போகிறது?

புதுச்சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். அதற்கும் மாநாட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

ஜூலை 24, வியாழன்

பீரோவில் என் பாஸ்போர்ட் போட்டோ மூன்று இருந்தது. இப்போது இரண்டுதான் இருக்கிறது. எலி போட்டோவா தின்னும்?

ஜூலை 28, திங்கள்

மாநாட்டுக்கு வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதற்காகத்தான். முத்துராக்கு, "நீங்க வராட்டி நானும் வரல, யாருகிட்டப் பேசிட்டு வாரது?" என்றாள். சன்னாசிக்குத்தான் முகம் வெளுத்துவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க மதினி. நீங்க கட்டாயம் வந்தாகணும். காய்ச்சல்னாக்கூட வேன்ல படுத்துக்கிட்டு வாங்க" என்றான். அவன் மாஸ்டர் ஆவதை நான் நேரில் பார்த்தாக வேண்டுமாம். சரி, வந்து பார்க்கிறேன். கையும் தட்டுகிறேன்.

பெட்டி கட்டும்போது முத்துராக்கு என் சுருக்குப்பையைக் கொட்டிப் பார்த்தாள். வெற்றிலை, பாக்கு, கிராம்பு, ஒரு தீப்பெட்டி. "பீடி குடிக்காத பொம்பளைக்குத் தீப்பெட்டி எதுக்குக்கா?" என்றாள். கரண்ட் போனால் ஆகும் என்றேன்.

இந்த மாநாட்டில் ஒரு விசேஷம் உண்டு. அன்று சமையல்காரர்கள் யாரும் சமைக்கக் கூடாது. வெளியிலிருந்து கேட்டரிங் வைத்து, எங்களை முதல் பந்தியில் உட்கார வைத்துப் பரிமாறுவார்களாம். நான் தொழிலுக்கு வந்து இத்தனை வருஷத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை. எல்லோரும் சாப்பிட்டு, இலை எடுத்து, பாத்திரம் கழுவ வந்தவர்களும் சாப்பிட்ட பிறகுதான் எங்களுக்குச் சோறு. அப்போது நாக்கில் பசி இருக்காது, புகைதான் இருக்கும். முதல் பந்திக்காகத்தான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜூலை 29, செவ்வாய்

ஜாக்கெட் வந்துவிட்டது. கை கொஞ்சம் இறுக்கம்.

ஜூலை 30, புதன்
தூத்துக்குடி, சாயங்காலம்

கடல் தெரிகிற திண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆடிக் காற்று பக்கத்தைப் புரட்டிப் புரட்டி விடுகிறது. ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். நான், சன்னாசி, முத்துராக்கு, வேன் ஓட்டுகிற ராயப்பன். எப்போதும் அண்டாவும் தட்டும் ஏறுகிற வேன், இன்று காலி. பள்ளத்தில் இறங்கினால்கூடச் சத்தமே இல்லை. "எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்குக்கா, ரெண்டு கரண்டியாவது தூக்கிப் போட்டு வந்திருக்கலாம்" என்றாள் முத்துராக்கு.

அருப்புக்கோட்டை தாண்டி டயர் பஞ்சரானது. ராயப்பன் ஜாக்கியைத் தேடுவதற்குள் சன்னாசி புதுவேட்டியோடு தரையில் உட்கார்ந்து நட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டான். வேட்டியெல்லாம் கருப்பு மை. "பந்திக்கு முன்னால மாவட்டக் கூட்டம் முடிஞ்சிரும் ராயப்பா, சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டினான். அவனுக்கு என்ன அவசரம் என்று எனக்குத் தெரியாதா? நான் புளிய மரத்தடியில் நின்று வெற்றிலை போட்டேன்.

ஊர் நெருங்கும்போது இரண்டு பக்கமும் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவித்துக் கிடந்தது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு குவியலிலிருந்து ஒரு கல் எடுத்து நாக்கில் வைத்தேன். வாழ்க்கை முழுவதும் போட்ட உப்பு எல்லாம் இங்கிருந்துதானே வந்திருக்கும். ஒரு மரியாதைக்காகவாவது இறங்க வேண்டாமா? சன்னாசி கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

ஊருக்குள் பனிமய மாதா திருவிழாக் கூட்டம். கடற்கரைச் சாலைப் பக்கம் வண்டியை விடாமல் போலீஸ்காரர் கையைச் சுற்றிச் சுற்றித் திருப்பி அனுப்பினார். எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ராயப்பனுடைய போன் மேப் அதே போலீஸ்காரரிடமே கொண்டுவந்து விட்டது. மூன்றாம் தடவை அவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

அப்போதுதான் வாழை இலைக்கட்டு ஏற்றிய டெம்போ ஒன்று குறுக்கே போனது. கட்டுக் கட்டாக நுனியிலை, ஆயிரத்துக்குக் குறையாது. "ராயப்பா, போனை அமத்து. அந்த இலைக்குப் பின்னால போ" என்றேன். ஆடி மாசத்தில் இத்தனை இலை வேறு எங்கே போகும்? சமையல்காரர் மாநாட்டுக்குத்தான் போகும். சன்னாசிகூட, "மதினி மூளையே மூளை" என்றான்.

டெம்போ ஒரு பெரிய மதில் சுவருக்குள் நுழைந்தது. நாங்களும் நுழைந்தோம். உள்ளே வரிசையாக அடுப்பு, பெரிய பெரிய வட்டாப் பாத்திரம், மரத்தடியில் ஐம்பது அறுபது பேர் வட்டமாக உட்கார்ந்து காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "வாங்க, வாங்க, இப்படி உக்காருங்க" என்று ஒரு பெரியவர் பாயைக் காட்டினார். முத்துராக்கு உட்கார்ந்தாள். சின்ன வெங்காயம் முன்னால் இருந்தால் அவள் கை சும்மா இருக்காது. உரிக்க ஆரம்பித்துவிட்டாள். நானும் ஒரு கை போட்டேன். சமைக்கக் கூடாது என்றார்களே என்று ஒரு நிமிஷம் தோன்றியது, சும்மா பேச்சுக்குச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சன்னாசிதான் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "மதினி, பேனரே இல்ல. மைக்கும் இல்ல."

பெரியவர் என்னிடம், "ஏக்கா, நீங்க எந்தச் சபைலேருந்து வாரிய?" என்று கேட்டார்.

"சமையல் சங்கம்ணே, திண்டுக்கல் மாவட்டம்."

அவர் முழித்தார். நாங்களும் முழித்தோம். அது கிறிஸ்தவர்களின் சபைக்கோயில். அங்கே அசனம், கோயிலில் ஊருக்கே சமைத்துப் போடுகிற விருந்து. யார் வந்து உட்கார்ந்தாலும் வேலை கொடுப்பார்களாம், யார் என்று கேட்க மாட்டார்களாம். நல்ல பழக்கம்தான்.

"நெய்தல் அரங்கமா? அது கடக்கரை ரோட்டுலல்லா இருக்கு! நீங்க இங்க வந்து வெங்காயம் உரிச்சிட்டு இருக்கிய" என்று பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். திருவிழாக் கூட்டத்தில் சிக்காத வழியை அவரே தரையில் கோடு போட்டுக் காட்டினார். சன்னாசி வேனுக்கு ஓடினான். முத்துராக்கு எழுந்திருக்கவே இல்லை. "கைல எடுத்தத முடிக்காம எப்படிக்கா எந்திரிக்கிறது?" சன்னாசி திரும்பி ஓடிவந்து, அவளுடைய குவியலில் பாதியைத் தன் வேட்டியில் அள்ளிப் பக்கத்திலிருந்த அம்மாவின் மடியில் கொட்டினான். அவன் அப்படிப் பதறி நான் பார்த்ததே இல்லை. அன்று என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் இப்படி ஓடினான். இதை இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

அரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வளைவு, கொடி, வாழை மரம் எல்லாம் இருந்தது. ராயப்பன் அதைத் தாண்டிப் போய், பக்கத்துச் சந்தில் திருப்பி, பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினான். நாங்கள் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த மண்டபத்துக்குப் போனாலும் நாங்கள் இறங்குகிற இடம் அதுதானே.

பின்பக்கம் ஜேஜே என்று கூட்டம். மதுரை, தஞ்சாவூர், சேலம், கோயமுத்தூர், எல்லா மாவட்டத்து மாஸ்டர்களும் அங்கேதான் நின்றார்கள். கழுதை கெட்டால் குட்டிச்சுவர், சமையல்காரன் கெட்டால் அடுப்படி! புது வேட்டி, புதுச் சட்டை, மார்பில் சங்க பேட்ஜ், எல்லோரும் சமையல்கட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். கேட்டரிங் பையன்கள் பாவம். ஒருவர், "தம்பி, பருப்பு இன்னும் ஒரு கொதி" என்கிறார். இன்னொருவர், "அவரு சொல்றதக் கேக்காத, எறக்கு" என்கிறார். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் உள்ளே போய்க் கரண்டியையே பிடுங்கிவிட்டார்.

முன்வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்ற பெண்களிடம் ஓர் ஈ காக்கைகூடப் போகவில்லையாம். மாநிலத் தலைவர் மைக்கில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "சமையல்காரர்கள் அனைவரும் தயவுசெய்து முன்வாசல் வழியாக வரவும்." ஒருவரும் நகரவில்லை. சாம்பார் கொதிக்கும்போது யார் நகர்வார்கள்?

கடைசியில் மாவட்டக் கூட்டங்களையும் அங்கேயே வைத்துவிட்டார்கள். "திண்டுக்கல் எல்லாம் கிரைண்டர்கிட்ட வாங்க" என்று அழகுராஜா அண்ணன் கத்தினார். சேர்ந்தோம். கிரைண்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

"சோலைமலை மாஸ்டர் அட்டை" என்று ஆரம்பித்தார். வேண்டாம், வேண்டாம் என்று இந்த டைரியில் எழுதியதெல்லாம் பொய். எனக்கு வேண்டும். அவரோடு இருபத்தாறு வருஷம் அந்தப் புகையில் நின்றவள் நான். அவர் கைப்பக்குவம் என்று ஊர் சொன்னதில் பாதி என் கைப்பக்குவம். எனக்குத்தான் வேண்டும்.

"சம்சாரம் வெள்ளையம்மா பேருக்கு மாத்தச் சொல்லி மனு வந்திருக்கு" என்றார் அண்ணன்.

யார் மனு கொடுத்தது? நான் கொடுக்கவில்லை.

நத்தத்து மாஸ்டர் ஒருவர், வயசானவர், தொண்டையைச் செருமினார். "தப்பா நெனைக்கக் கூடாது. கல்யாண வீட்டு அடுப்பு. பொம்பளங்கறது ஒண்ணு. அதுலயும் இந்தம்மா..." என்று நிறுத்தினார்.

"முடிங்கண்ணே" என்றது சன்னாசி. மை பிடித்த வேட்டியோடு முன்னால் வந்து நின்றான். "சொல்ல வந்தத முழுசாச் சொல்லுங்க."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நாலு வருஷமா நான் தீக்குச்சி கிழிக்கேன். அம்புட்டுத்தான் நான் செஞ்சது. மிச்சமெல்லாம் எங்க மதினி. ஊரு என்னைய மாஸ்டருங்குது, எனக்குக் கூசுதுண்ணே. ரசத்துக்கு எத்தன மொளகுன்னுகூட எனக்குத் தெரியாது. அன்னைக்கு அவுக தீப்பெட்டிய நீட்டும்போது நான் வாங்கிருக்கக் கூடாது. சின்னப் பய, எல்லாரும் பாத்தாகன்னு பயந்து வாங்கிட்டேன்." சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தான். உள்ளே என் வீட்டுக்காரருடைய பழைய அட்டை, கூடவே என் போட்டோ. "இத ஒட்டிக் குடுங்கண்ணே."

முத்துராக்கு எங்கோ பார்த்தாள். எலி யார் என்று புரிந்தது.

கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். சுட்ட தழும்பும் மஞ்சள் ஏறிய நகமுமாக எத்தனை கை! நத்தத்துக்காரர் தூக்கவில்லை. அவரையும் குறை சொல்ல மாட்டேன், தெரிந்ததைச் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வெங்காயம் உரிச்ச கை" என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். யாரும் நம்பவில்லை.

பிறகு எல்லோரும் சுற்றிக்கொண்டு போய் முன்வாசல் வழியாக உள்ளே போனோம். பன்னீர் தெளித்தார்கள். கல்கண்டு கொடுத்தார்கள். முதல் பந்தியில் உட்கார்ந்தோம். பந்திக்கு முந்து என்பது மற்றவர்களுக்குச் சொன்னது, எங்களுக்கு உட்காரவே தெரியவில்லை. பரிமாறும் பையன் வாளியை எடுத்தால் ஐந்நூறு பேரும் எழுந்திருக்கப் பார்க்கிறோம். சாம்பார் நன்றாகவே இருந்தது. எழுதக் கை வரவில்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

சன்னாசி என் பக்கத்து இலையில். பதினேழு நாளாக அவனை மனசுக்குள் திட்டியிருக்கிறேன். என் அப்பளத்தை எடுத்து அவன் இலையில் வைத்தேன். சின்னதிலிருந்தே அவனுக்கு இரண்டு அப்பளம் வேண்டும். நொறுக்கிப் போட்டுக்கொண்டான்.

ஜூலை 31, வியாழன்

காலையில் கடலில் கால் நனைத்துவிட்டுக் கிளம்பினோம். முத்துராக்கு அலைக்குப் பயந்து என்னைப் பிடித்துக்கொண்டதில் புதுச்சேலை முழங்கால் வரை நனைந்தது. முந்திரி மக்ரூன் வாங்கினோம். வேனிலேயே பாதி தீர்ந்துவிட்டது.

"அழகுராஜா அண்ணன் வீட்டுக்குப் போனத என்கிட்ட ஏன் சொல்லல?" என்று சன்னாசியைக் கேட்டேன்.

"சொன்னா வேண்டாம்பீங்க மதினி. அப்புறம் உங்க வாயத் தாண்டி நான் என்ன செய்ய முடியும்?"

அதுவும் சரிதான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆவணியில் முதல் கல்யாணம், ஒட்டன்சத்திரத்தில். புது அட்டை வந்து பத்து நாளாகிறது. போட்டோவில் முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுப்பு மூட்டி, விறகு அடுக்கி, சூடம் வைத்தாயிற்று. பெண் வீட்டார் சுற்றி நின்றார்கள். சன்னாசி சட்டைப்பையைத் தட்டினான், மடியைத் தடவினான். "அடடா, தீப்பெட்டிய மறந்துட்டேனே மதினி" என்றான். முத்துராக்கு கையை விரித்தாள். வேனில்கூட இல்லை என்றான் ராயப்பன். வீட்டுப் பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். அதே பார்வைதான், நாலு வருஷத்துக்கு முன்னால் பார்த்தது. என் கை தானாகச் சுருக்குப்பைக்குப் போனது. நானும் அவளைப் பார்த்தேன்.

"நல்ல நேரம் போகுதும்மா, பத்த வைங்க" என்றாள் பெண்ணின் தாய்.

பற்ற வைத்தேன். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது.

பருப்பைப் போட்டுவிட்டு, உளுந்து ஊறிவிட்டதா என்று கேட்கப் பின்பக்கம் போனேன். சுவரோரமாகக் குத்தவைத்து சன்னாசி பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான், தன் தீப்பெட்டியில். நான் பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டேன்.